எந்தப் பல்லி வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல ஊர்வன வளர்க்கிறதைப் பத்தி சும்மா நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பல்லி பத்திதான், அதுவும் "எது நல்ல பல்லி"ங்கிற ஒரே கேள்வி. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே வச்சாச்சு. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், நல்ல பல்லி கெட்ட பல்லின்னு எதுவும் கிடையாது, நீங்க எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பீங்க, ரூம் எவ்வளவு சூடா இருக்கும், எத்தனை வருஷம் உங்களால பொறுப்பு எடுத்துக்க முடியும், இதை வச்சுதான் முடிவு பண்ணணும், போட்டோவைப் பார்த்து இல்ல.

கேள்வி: சார், லெப்பர்ட் கெக்கோவா பியர்டட் டிராகனா? ரெண்டையும் பார்த்துட்டு மூணு மாசமா குழம்பிட்டு இருக்கேன். நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர ராத்திரி எட்டு மணி ஆயிடும்.

உங்க கடைசி வரியிலயே பதில் இருக்கு. பியர்டட் டிராகன், அதாவது தொண்டையில தாடி மாதிரி முள் வச்ச பல்லி, பகல் பிராணி. காலைல லைட் போட்டதும் எந்திரிச்சு சூட்டுல போய் உக்காரும், பகல் பூரா கண்ணாடி வழியா வீட்டை வேடிக்கை பார்க்கும், சாயங்காலம் லைட் அணைஞ்சா தூங்கிடும். நீங்க எட்டு மணிக்கு வந்து பார்த்தா மூலைல கண்ணை மூடிட்டு கிடக்கும், அதை எழுப்பி கொஞ்ச நினைக்கிறது பாவம். புள்ளி போட்ட சின்னப் பல்லியான லெப்பர்ட் கெக்கோ இதுக்கு நேர் எதிர், பகல்ல ஒளிஞ்சு கிடந்துட்டு பொழுது சாயும்போதுதான் வெளிய வரும். நீங்க சாப்பிட்டு முடிச்சு உக்காரும்போது அதுக்கு வேட்டை நேரம். ஒரு பூச்சியைப் பார்த்ததும் அப்படியே உறைஞ்சு நிக்கும், தலையைத் தாழ்த்தும், வால் நுனி மட்டும் பூனை மாதிரி நெளிய ஆரம்பிக்கும், நெளிஞ்சுகிட்டே இருக்கும், திடீர்னு ஒரே பாய்ச்சல். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கல.

வேலைப் பளுவும் ரெண்டுக்கும் வேற வேற. டிராகனுக்கு தினமும் கீரை, காய் நறுக்கிப் போடணும், குட்டியா இருக்கும்போது பூச்சிதான் அதிகம், வளர்ந்த பிறகு முக்கால்வாசி இலை தழைதான். வளர்ந்த லெப்பர்ட் கெக்கோவுக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பூச்சி போட்டா போதும், ஆனா அது பூச்சி மட்டும்தான் தின்னும், இலையைத் திரும்பிக் கூட பார்க்காது, அதனால உயிரோட பூச்சி வாங்கி வச்சுப் பராமரிக்க மனசு ஒப்பணும். இடம்னு பார்த்தா வளர்ந்த டிராகன் வாலோட சேர்த்து ஒன்றரை அடியிலிருந்து ரெண்டு அடி, அதுக்கு 4 அடி நீளம் 2 அடி அகலம் 2 அடி உயரத்துல பெட்டி வேணும். கெக்கோ 20லிருந்து 25 சென்டிமீட்டர்தான், 3 அடி நீளப் பெட்டி தாராளம். சூடும் அப்படித்தான், டிராகன் வெயில் காயுற இடத்துல 38லிருந்து 42 டிகிரி வேணும், கெக்கோவுக்கு 32லிருந்து 35 போதும்.

ஆனா ஆயுசைப் பார்த்தா சின்னதுதான் நீளம். டிராகன் சுமார் 10 வருஷம், கெக்கோ 15லிருந்து 20 வருஷம். இன்னைக்கு வாங்குற கெக்கோ உங்க கல்யாணம், வேலை மாற்றம், வீடு மாற்றம் எல்லாத்துக்கும் கூட வரும், அதையும் யோசிச்சுக்கோங்க. இதுக்கெல்லாம் சரின்னா உங்களுக்கு லெப்பர்ட் கெக்கோதான், ரெண்டாவது யோசனையே வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பல்லி ரொம்பப் பிடிக்கும், ஆனா புழு பூச்சியைக் கண்டாலே உடம்பு கூசுது. எனக்கு ஏத்த பல்லி இருக்கா?

இருக்கு, கிரெஸ்டட் கெக்கோ. கண்ணுக்கு மேல இமை முடி வச்ச மாதிரி முள் வரிசை இருக்குமே அதுதான். பசிபிக் கடல்ல இருக்கிற நியூ கலிடோனியா தீவுல மட்டும் இருக்கிற இனம், அழிஞ்சே போச்சுன்னு நினைச்சுட்டு இருந்தாங்க, 1994ல திரும்பக் கண்டுபிடிச்சாங்க, இன்னைக்கு உலகம் பூரா வீடுகள்ல வளருது. காட்டுல பழம், பூந்தேன், பூச்சின்னு கலந்து தின்னும். அதுக்குன்னே முழுச் சத்தும் சேர்த்த பவுடர் வருது, தண்ணில குழைச்சு சின்ன கிண்ணத்துல வச்சா ராத்திரி வந்து நக்கிட்டுப் போயிடும். நடுநடுவுல பூச்சி கிடைச்சா நல்லதுதான், ஆனா நல்ல பவுடர் இருந்தா கட்டாயம் இல்ல. ஆனா வெறும் வாழைப்பழத்தை மசிச்சு வச்சுட்டு சாப்பாடு ஆச்சுன்னு விட்டுடாதீங்க, அதுல கால்சியமே பத்தாது.

இதுக்கு எதிரி சூடு. 22லிருந்து 26 டிகிரிக்குள்ள இருக்கணும், 28 தாண்டினாலே திணற ஆரம்பிக்கும், அதுக்கு மேல நீடிச்சா உயிருக்கே ஆபத்து. மத்த பல்லிக்கெல்லாம் எப்படி சூடாக்கறதுன்னு யோசிப்போம், இதுக்கு மட்டும் எப்படிக் குளிர்ச்சியா வைக்கிறதுன்னு யோசிக்கணும். வெயில் காலத்துல உங்க ரூம் மத்தியானம் 33 டிகிரி போகும், ஏசியும் ஓடாதுன்னா, தயவுசெஞ்சு இதை வாங்காதீங்க. இன்னொரு விஷயம், பயந்தா வாலை விட்டுடும், லெப்பர்ட் கெக்கோவுக்கு வால் திரும்ப முளைக்கும், இதுக்கு முளைக்கவே முளைக்காது. வால் இல்லாமலும் நல்லாவே வாழும், அதைப் பார்த்து நீங்க அழ வேண்டாம். மரம் ஏறுறது, அதனால பெட்டி அகலத்தை விட உயரம் முக்கியம், ராத்திரி தண்ணி தெளிக்கணும், மறுநாள் பகல்ல கொஞ்சம் காய விடணும், எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா தோல்ல பிரச்சனை வரும்.

கேள்வி: அண்ணா, பச்சை இக்வானா குட்டி ஒண்ணு பார்த்தேன், கை நீளம் கூட இல்ல, அவ்வளவு அழகு. நான் காலேஜ் படிக்கிறேன், தனி ரூம் இருக்கு. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தக் குட்டி சில வருஷத்துல கிட்டத்தட்ட உன் கட்டில் நீளத்துக்கு வளர்ந்துடும், ஆண் இக்வானா 5 அடி தாண்டும், அதுக்குப் பெட்டி கிடையாது, ரூமே வேணும், அந்த ரூம்ல வெப்பம், ஈரப்பதம், யூவி (புற ஊதா) லைட், ஏறி உக்கார தடிமனான கிளை எல்லாம் வேணும். இலை தழை மட்டும் தின்னுற பிராணி, மாமிசம் கொடுத்தா கிட்னி கெடும். இனப்பெருக்கக் காலம் வந்தா நேத்து வரைக்கும் தோள்ல உக்காந்திருந்த ஆண் இன்னைக்கு வாலால விளாசும், கடிச்சா தையல் போடுற அளவுக்குக் கிழியும். அது கெட்ட பிராணின்னு சொல்லல, அதோட உடம்பும் குணமும் அப்படி. ஃப்ளோரிடாலயும் போர்ட்டோ ரிக்கோவுலயும் இன்னைக்கு காட்டு இக்வானா பெருகி பெரிய தலைவலியா இருக்கு, அதுக்கு முக்கியமான ஒரு காரணம் ஆசையா வாங்கி சமாளிக்க முடியாம வெளிய விட்டவங்க. படிப்பு முடிஞ்சா நீ எந்த ஊருக்குப் போவேன்னு உனக்கே தெரியாது, 15 வருஷம் வாழுற ஒரு உயிரை இப்ப கட்டிக்காதே. பகல்ல விழிச்சிருக்கிற, கையில வர பல்லிதான் வேணும்னா இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்து பியர்டட் டிராகன் பாரு.

கேள்வி: பச்சோந்தி வளர்க்கலாம்னு ஆசை. சிவப்பு துணில வச்சா சிவப்பாகும், பச்சைல வச்சா பச்சையாகும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை இல்ல. ஆளுக்கேத்த மாதிரி மாறுறவனைப் பச்சோந்தின்னு திட்டித் திட்டியே நாம அப்படி நம்பிட்டோம். அது நிறம் மாத்துறது பெரும்பாலும் மனநிலைக்கும் வெப்பத்துக்கும்தான், இன்னொரு ஆணைப் பார்த்துக் கோவம் வந்தா, பெண்ணைப் பார்த்தா, குளிர்ல வெயிலை இழுக்கணும்னா. அதோட தோல்ல ரொம்பச் சின்ன படிகங்கள் அடுக்கடுக்கா இருக்கு, அந்தப் படிகங்களுக்கு நடுவுல இடைவெளி கூடக் குறைய வெளிச்சம் வேற வேற நிறத்துல திரும்புது, 2015ல பேந்தர் பச்சோந்தியை வச்சு இதை விளக்கமா காட்டினாங்க. அதனால வளர்க்கிறவங்களுக்கு அந்த நிறம் ஒரு தகவல். எப்பவும் கருத்த நிறத்துல இருக்குன்னா அது குளிர்ல இருக்கு, இல்ல பயத்துல இருக்கு, இல்ல நோவுல இருக்கு.

முதல் பல்லியா வாங்காதீங்க, அவ்வளவுதான் என் கருத்து. கிண்ணத்துல தண்ணி வச்சா பெரும்பாலும் குடிக்காது, இலை மேல சொட்டுற தண்ணியைத்தான் நக்கும், அதனால நல்லா வச்சிருக்கோம்னு நினைச்சுகிட்டே தண்ணி இல்லாம காய விட்டவங்க நிறைய. காத்தோட்டம் வேணும், வலைக் கூண்டு, செடி, சொட்டு நீர், யூவி எல்லாம் வேணும். கையில எடுக்கிறது அதுக்குப் பிடிக்காது. வெயில்ட்னு ஒரு வகை இருக்கு, அதுல பெண் பச்சோந்தி ஆண் இல்லாமலே முட்டை வைக்கும், பல சமயம் 30, 40ன்னு, தோண்டி வைக்க ஈர மண் இல்லன்னா முட்டை உள்ளயே தங்கி செத்துப் போகும். தள்ளி நின்னு பார்த்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கான பிராணி அது.

கேள்வி: என் பையனுக்கு ஆறு வயசு, பல்லி வேணும்னு ஒரே அடம். கையில வச்சு விளையாடுற மாதிரி எது?

அம்மா, முதல்ல ஒண்ணு, பையனுக்குன்னு வாங்கினாலும் வளர்க்கப் போறது நீங்கதான், உங்களுக்கு விருப்பம் இருக்கான்னு கேட்டுக்கோங்க. விருப்பம் இருந்தா பியர்டட் டிராகன் நல்ல தேர்வு, பெரும்பாலும் சாது, கையில வச்சா அசையாம உக்காரும். ஒரு கையைத் தூக்கி மெதுவா ஆட்டுறதைப் பார்த்தா டாட்டா காட்டுதுன்னு பையன் குதிப்பான், உண்மைல அது "உன்கூட சண்டைக்கு வரல"ன்னு பணிஞ்சு போற சைகை, அதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்க. கொஞ்சம் பெரிய உருவம் பரவாயில்லைன்னா நீலநாக்கு அரணையும் உண்டு, புளூ டங் ஸ்கிங்க்னு கேட்டா தெரியும். குட்டைக் கால், தடிச்ச உடம்பு, எதைக் கொடுத்தாலும் தின்னுற குணம், பயந்தா மட்டும் நீல நாக்கை முழுசா நீட்டி சீறும். ஆனா இதுல வகை பார்த்து வாங்கணும், வட ஆஸ்திரேலிய வகைக்கு வறண்ட பெட்டி போதும், இந்தோனேசிய வகைகளுக்கு ஈரப்பதம் ஜாஸ்தி வேணும், மாத்தி வச்சா தோல் உரியாம விரல் நுனியெல்லாம் போயிடும்.

அடுத்தது சால்மொனெல்லா, வயித்துப்போக்கு கொடுக்கிற கிருமி. ஆரோக்கியமா இருக்கிற பல்லி கூட அந்தக் கிருமியை வயித்துல வச்சிருக்கும். தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவணும், முத்தம் கூடாது, அதோட கிண்ணத்தை சமையல் பாத்திரத்தோட கழுவக்கூடாது. வீட்டுல 5 வயசுக்குக் கீழ இன்னொரு குழந்தையோ, நோய் எதிர்ப்பு குறைஞ்ச பெரியவங்களோ இருந்தா இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க.

கேள்வி: என் டிராகனுக்கு ஜன்னல் ஓரமா பெட்டி வச்சிருக்கேன், நல்ல வெயில் வருது. யூவி லைட் தேவையில்லைன்னு கடைல சொன்னாங்க. ஆனா ரெண்டு நாளா விரல் நுனி மட்டும் லேசா நடுங்குது, குளிரா இருக்குமோ?

இதைப் படிச்சதும் நெஞ்சு பதறிடுச்சு, இதழ் வர வரைக்கும் காத்திருக்காம உங்களுக்குத் தனியா பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்க எழுதுறேன். அது குளிர் இல்ல. கால்சியம் குறைஞ்சதோட அறிகுறியா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, ஊர்வன மருத்துவம் தெரிஞ்ச டாக்டர்கிட்ட அன்னைக்கே போகணும்.

என் முதல் டிராகனுக்கு இதேதான் நடந்துச்சு. என்கிட்டயும் வித்தவர் ஜன்னல் வெயிலே போதும்னாரு, நானும் நம்பி கண்ணாடி ஜன்னல் பக்கத்துல வச்சேன், காலைல வெயில் அது முதுகுல விழுறதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ள விடும், பல்லிக்கு வேண்டிய யூவிபி கதிரை மட்டும் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும்னு எனக்கு அப்ப தெரியாது. யூவிபி தோல்ல படலன்னா உடம்புல டி3 வைட்டமின் உண்டாகாது, டி3 இல்லன்னா தின்ன கால்சியம் ரத்தத்துல சேராது, ரத்தத்துக்குக் கால்சியம் வேணுமே, அப்ப உடம்பு தன் எலும்பையே கரைச்சு எடுத்துக்கும். மூணாவது மாசம் விரல் நடுங்க ஆரம்பிச்சது. ஒரு நாள் வாய்க்குக் கீழ தடவினேன், தாடை எலும்பு கெட்டியா இருக்க வேண்டிய இடம் ரப்பர் மாதிரி அமுங்கிச்சு. அந்தத் தொடு உணர்வு இன்னும் என் விரலை விட்டுப் போகல. டாக்டர் காப்பாத்திட்டாங்க, ஏழு வருஷம் இருந்துச்சு, ஆனா முன்னங்கால் வளைஞ்சது வளைஞ்சதுதான், கடைசி வரைக்கும் முழங்கை ஊனித்தான் நடந்துச்சு.

அதனால டிராகன், இக்வானா, பச்சோந்தி எதுவா இருந்தாலும் நல்ல டி5 (மெலிசான குழல் விளக்கு வகை) யூவிபி டியூப் கட்டாயம். லெப்பர்ட் கெக்கோவுக்கு, கிரெஸ்டட் கெக்கோவுக்குக் கூட குறைஞ்ச அளவு யூவிபி நல்லதுன்னு இப்ப பலரும் சொல்றாங்க, நானும் வைக்கிறேன். டியூபுக்கும் பல்லிக்கும் நடுவுல கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வரக்கூடாது. வெளிச்சம் எரியுதேன்னு வருஷக்கணக்கா விடாதீங்க, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் இருக்கும், யூவிபி தீர்ந்து போயிருக்கும், சுமார் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். பூச்சி மேல கால்சியம் பவுடர் தூவிக் கொடுக்கணும். பசலைக் கீரையை மட்டுமே தினமும் போடாதீங்க, அதுல இருக்கிற ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுடும். டிராகனுக்கு அவகாடோ கூடாது. மின்மினிப் பூச்சி ஒண்ணே ஒண்ணு உள்ள போனாலே உயிர் போயிடும், பெட்டியைத் தோட்டத்துப் பக்கம் வைக்கிறவங்க இதை மறக்கவே கூடாது.

கேள்வி: ஒண்ணு தனியா இருந்தா ஏங்காதா? ஜோடியா வாங்கலாமா?

ஏங்காது. ரெண்டு ஆணைச் சேர்த்தா சண்டை, ஆணும் பெண்ணும்னா பெண்ணுக்கு ஓயாத தொல்லை. ரெண்டு பெண்ணு ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கிறதைப் பார்த்து பாசம்னு நினைப்பீங்க, பெரும்பாலும் மேல இருக்கிறது சூட்டையும் வெளிச்சத்தையும் பறிச்சுக்குது. ஒரு பெட்டிக்கு ஒரு பல்லி.

கேள்வி: காசு கொடுத்து எதுக்கு வாங்கணும்? வயக்காட்டுல ஓணான் இருக்கு, உடும்புக் குட்டி கூட பார்த்தேன், பிடிச்சு வளர்த்தா என்ன?

வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுகிட்டு குத்துதே குடையுதேன்னு சொன்ன கதைதான். காட்டுல பிறந்தது கூண்டுக்குள்ள பயத்துலயே சாப்பிடாம கிடந்து செத்துடும், வயிறு பூரா ஒட்டுண்ணிப் புழு இருக்கும், கூண்டு வாழ்க்கைல அது எதிர்ப்பு குறைஞ்சதும் பெருகிடும். நிறைய நாடுகள்ல காட்டு ஊர்வனவைப் பிடிக்கிறது சட்டப்படி குற்றம், வங்காள உடும்பு உலக வணிகத் தடைப் பட்டியல்ல முதல் அடுக்குல இருக்கு. எந்தப் பல்லியா இருந்தாலும் கூண்டுல பிறந்ததான்னு கேட்டு, காகிதம் வாங்கி, உங்க இடத்துல அதுக்கு அனுமதி வேணுமான்னு வனத்துறைல விசாரிச்சுட்டு அப்புறம் காசைக் கொடுங்க. ஓணானை வேலிலயே விட்டு தினமும் காலைல போய்ப் பாருங்க, அது தலையை ஆட்டுறது, தொண்டை சிவக்கிறது எல்லாம் அங்கதான் ஒழுங்கா பார்க்க முடியும்.

கேள்வி: லெப்பர்ட் கெக்கோவுல கலர் கலரா மார்ஃப் (நிற வகை) வருதே, லெமன் ஃப்ராஸ்ட் வாங்கலாமா?

அதை மட்டும் வேண்டாம். அந்த நிறப் பளபளப்பைக் கொடுக்கிற அதே மரபணு தோல்ல கட்டியையும் கொண்டு வருது, 2021ல வந்த ஆய்வு அதை உறுதியா காட்டிடுச்சு. எனிக்மா மார்ஃபும் அப்படித்தான், தலை சாய்ஞ்சு வட்டம் வட்டமா சுத்தும், பூச்சியைக் குறி பார்த்துப் பிடிக்க முடியாது, நரம்புக் கோளாறு. அழகுக்காக ஒரு உயிரை அப்படிப் பிறக்க வைக்கிறதுல எனக்கு உடன்பாடே இல்ல, வாங்குறவங்க இல்லன்னா உண்டாக்குறவங்களும் நிறுத்திடுவாங்க. சாதாரண புள்ளி போட்ட கெக்கோவே எவ்வளவு அழகு, குட்டியா இருக்கும்போது பட்டை பட்டையா இருக்கும், வளர வளர அந்தப் பட்டை உடைஞ்சு புள்ளியாகும், மாசா மாசம் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

கேள்வி: லெப்பர்ட் கெக்கோன்னு முடிவு பண்ணிட்டேன். முதல்ல எதை வாங்கணும், கடைல பல்லியை எப்படிப் பார்த்து எடுக்கணும்?

முதல்ல பெட்டி, பல்லி கடைசி. பெட்டியை வச்சு, ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்ல (சூட்டை அளவோட வைக்கிற கருவி) மாட்டி, ரெண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வச்சு, ரெண்டு வாரம் காலியாவே ஓட விடுங்க. ராத்திரி எவ்வளவு இறங்குது, மத்தியானம் எவ்வளவு ஏறுதுன்னு எழுதி வைங்க. சூடான பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒண்ணு, நடுவுல ஈரப் பாசி போட்ட மூணாவது ஒண்ணு, தோல் உரிக்க அதுதான் உதவும். சூடாகுற பாறைன்னு விக்கிறதைத் தொடாதீங்க, வயித்தைச் சுட்டுடும். கால்சியம் மணல்னு விக்கிறதும் வேண்டாம், தின்னா குடல் அடைச்சுக்கும், ஆரம்பத்துல பேப்பர் டவலே போதும்.

பல்லியைச் சாயங்காலம் போய்ப் பாருங்க, அப்பதான் முழிச்சிருக்கும். வால் கழுத்தளவுக்குத் தடிமனா இருக்கணும், அதுதான் அதோட கொழுப்புச் சேமிப்பு, குச்சி மாதிரி இருந்தா பட்டினி இல்ல நோய். கண் ரெண்டும் முழுசா திறந்து தெளிவா இருக்கணும். விரலை ஒவ்வொண்ணா எண்ணுங்க, பழைய தோல் மோதிரம் மாதிரி இறுக்கி இருக்கான்னு பாருங்க. ஆசனவாய்ப் பக்கம் சுத்தமா இருக்கணும். உங்க முன்னாடி ஒரு பூச்சி போடச் சொல்லுங்க, வால் நுனி நெளியுதான்னு பாருங்க, நெளிஞ்சு பாய்ஞ்சா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. முதல் ஒரு வாரம் கையில எடுக்க வேண்டாம், தண்ணி வச்சுட்டு தள்ளி உக்காருங்க. முதல் தடவை கழிவு போட்டதும் சின்ன டப்பால எடுத்து, காயுறதுக்குள்ள அன்னைக்கே டாக்டர்கிட்ட புழு இருக்கான்னு பார்க்கக் கொடுத்துடுங்க.